ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கருவாடு தர முடியாது

மண்டபம் ஊரில் கருவாடு விற்கும் எங்களுக்கு முந்தாநாள் ஒருவர் பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் கணக்கில் பணம் வரவாகவில்லை, அதனால் நாங்கள் பொருள் அனுப்பவில்லை. "பணம் கட்டிய ஆதாரத்தைக் காட்டியும் பொருள் அனுப்பாத மண்டபத்துக் கடை" என்று எங்களைப் பற்றி எழுதியவருக்கும், அதற்கு விருப்பக்குறி இட்டவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான்: ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. எங்கள் கணக்கில் வரவானால் அன்று மாலையே பார்சல் கட்டுவோம். வரவாகாவிட்டால் கட்ட மாட்டோம்.

எங்களிடம் ஆர்டர் கொடுப்பது கடினமான காரியம் அல்ல. என்ன கருவாடு, எத்தனை கிலோ, எந்த ஊர் என்று வாட்ஸ்அப்பில் எழுதலாம், அல்லது போனில் சொல்லலாம். கூரியர் கட்டணத்தையும் சேர்த்துத் தொகையைச் சொல்வோம். ஜிபே, போன்பே, வங்கிக் கணக்கு என எதில் வேண்டுமானாலும் செலுத்தலாம். யு.பி.ஐ.யில் செலுத்தினால் 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று வரும். அந்த எண்ணை அனுப்பினால் போதும், எங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம். படத்தை யாரும் தயாரித்துவிடலாம், அதற்கென்றே போலிச் செயலிகள் உலவுகின்றன. முந்தாநாள் எண்ணைத்தான் கேட்டேன். வந்தது வசவு.

"என் கணக்கில் பணம் கழிந்துவிட்டதே, அது எங்கே போயிற்று?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதை வங்கியிடம் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, வணிகருக்கு யு.பி.ஐ.யில் செலுத்திய பணம் உறுதிப்படாமல் நின்றுவிட்டால் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. வங்கி தர வேண்டியதை என்னிடம் நெத்திலியாக வசூலிக்க நினைத்தால் நான் என்ன செய்வது?

பெரிய நிறுவனங்கள் கேஷ் ஆன் டெலிவரி தருகின்றனவே என்பார்கள். தரட்டும். அவர்கள் அனுப்பும் சட்டை திரும்பி வந்தால் மடித்து இன்னொருவருக்கு அனுப்பலாம். ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஊர் சுற்றித் திரும்பும் சீலாக் கருவாடு நமத்துப் பூசணம் பிடித்துத்தான் வரும். போகவும் வரவும் ஆன கூரியர் கூலியும் எங்கள் தலையில்தான் விழும்.

முன்பணம் கேட்பது வாடிக்கையாளரை நம்பாத செயல் என்று ஒருவர் உபதேசம் செய்திருந்தார். என் அப்பா பாம்பனில் கடை வைத்திருந்த காலத்தில் காரைக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் மணியார்டர் வரும். அந்தத் தாளின் அடித்துண்டிலேயே "நெத்திலி ஒரு கிலோ, திருக்கை இரண்டு கிலோ, உப்புக் குறைவாக" என்று எழுதியிருப்பார்கள். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் அப்பா தராசைத் தூக்குவார். அவரை ஒருவரும் மோசடிக்காரர் என்று சொன்னதில்லை. முன்பணம் வாங்கும் வழக்கத்தை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

வயதானவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே என்பவர்களுக்கு: எங்களிடம் ஒழுங்காகப் பணம் கட்டுவோர் பெரும்பாலும் அவர்கள்தாம். வங்கிக் கிளைக்கு நடந்து சென்று கட்டிவிட்டு, "வந்து சேர்ந்ததா தம்பி?" என்று போன் செய்து கேட்பார்கள்.

உண்மையில் என்னை உறுத்தியது "மீன்காரனுக்கு இவ்வளவு சட்டமா?" என்ற ஒற்றை வரி. ஆம் ஐயா, மீன்காரன்தான். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் விற்பதற்கான சரக்கை முன்னதாகவே ஏலத்தில் கைக்காசு கொடுத்து எடுத்தாக வேண்டும். மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் புரட்டிப் போடும் பெண்களுக்கு அன்றாடம் கூலி கொடுக்க வேண்டும். அவர்களிடம் போனை நீட்டி "பாருங்கள் அக்கா, பணம் அனுப்பிவிட்டதாகப் படம் வந்திருக்கிறது" என்று சொல்லிப் பார்க்கட்டும் அந்த நண்பர்.

இனி வேறு கடையில் வாங்கிக்கொள்வாராம். தாராளமாக வாங்கட்டும். தேவிபட்டினம் முதல் இராமேசுவரம் வரை இந்தக் கரையில் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. அங்கும் காசைப் பார்த்த பிறகுதான் பொட்டலம் கட்டுவார்கள்.