லிப்கிரிப்டோ சேர்த்தால் பி2சம் வேகமாகாது

லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பை, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கிரிப்டோ லைப்ரரியான லிப்கிரிப்டோவோடு சேர்த்து கம்பைல் செய்தால் அதிலுள்ள செக்சம் கருவிகள் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் எண்ணைக் கணக்கிடுபவை) எல்லாமே வேகமாகும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதிதான் சரி. எம்டி5, ஷா1, ஷா2 வகைக் கணக்குகள் லிப்கிரிப்டோ வழியாகப் போகின்றன. பிளேக்2 வகை செக்சம்மைக் கணக்கிடும் பி2சம் கருவிக்குச் சொந்த கோடு இருக்கிறது, அதை இந்த இணைப்பு தொடுவதே இல்லை. சிகேசம் என்ற இன்னொரு செக்சம் கருவியின் வழக்கமான சிஆர்சி கணக்கும் அப்படித்தான்; 2021இல் வந்த 9.0 பதிப்பில் அது வேகமானதற்கு ஒரு காரணம் பிராசசரின் பிசிஎல்மல் கட்டளை.

நீங்களே பார்க்கலாம். ஒரே சோர்ஸை ஓப்பன்எஸ்எஸ்எல் ஆப்ஷனை இயக்கி ஒருமுறை, அணைத்து ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். ஷா256சம் பைனரியில் எல்டிடி கட்டளையை (ஒரு புரோகிராம் எந்த லைப்ரரிகளோடு இணைந்திருக்கிறது என்று காட்டுவது) ஓட்டினால் முதலாவதில் மட்டும் லிப்கிரிப்டோ தெரிய வேண்டும். (ஸ்டேட்டிக்காக, அதாவது லைப்ரரியை பைனரிக்குள்ளேயே வைத்து இணைத்திருந்தால் தெரியாது.) பிறகு 1 ஜிபி ஃபைலை இரண்டிலும் டைம் கட்டளையோடு ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் டிஸ்க்கின் வேகத்தைத்தான் காட்டும். ஃபைல் கேஷுக்கு வந்த பிறகு ஓடுவதுதான் உண்மையான அளவு. பிராசசர் விவரங்களைக் காட்டும் சிபியூஇன்ஃபோவில் ஷா_என்ஐ (ஷா கணக்குக்கான பிராசசர் கட்டளைகள்) இருந்தால் ஷா256சம்மில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பி2சம்மில் இரண்டு பில்டுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும்.