நாலு மார்க்குல ஃபெயில்

போன வாரம் ஆபீஸ்ல டீ டைம்ல ஒருத்தர், நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, "நாப்பத்தொரு வயசுல போய் ஆட்டிசம் டெஸ்ட் எடுத்தீங்களாமே மேடம், இனிமே தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க"ன்னு கேட்டார். நான் வழக்கம்போல சிரிச்சிட்டு டம்ளரக் கழுவி வெச்சிட்டு வந்துட்டேன். எனக்கு பதில் எப்பவும் மூணு நாலு நாள் கழிச்சுதான் வரும். இப்ப வந்திருக்கு. (ஆட்டிசம்னா பொறவியிலயே மூளை கொஞ்சம் வேற மாதிரி வேலை செய்யறது, மத்தவங்களோட பழகறது, சத்தம், மாற்றம் இதெல்லாம் கஷ்டமா இருக்கும்.) கொஞ்சம் நீளமா போகும், பொறுமை இருக்கறவங்க படிங்க.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி, சிறு விவசாயிங்ககிட்ட பச்சைத் தேயிலை வாங்கி தூள் போடறது. பதினாறு வருஷமா பின்பக்க ரூம்ல நானும் லெட்ஜரும்தான், அப்புறம் நானும் கம்ப்யூட்டரும். கீழ மெஷின் ஓடற சத்தம் நாள் பூரா ஒரே சீரா வந்துட்டு இருக்கும், புதுசா வர்றவங்க தலைவலின்னு சொல்வாங்க, எனக்கு அது நின்னாதான் தலைவலி. ரெண்டு வருஷம் முன்னாடி புரமோஷன்னு சொல்லி முன்னாடி கவுண்ட்டர்ல கொண்டு வந்து உக்கார வெச்சாங்க. விவசாயிங்க வந்து ஏன் எடையில இவ்வளவு கழிச்சீங்க, கிலோவுக்கு இவ்வளவுதானான்னு கேப்பாங்க. அவங்க கேக்கறது நியாயம்தான், பச்சைத் தேயிலை விலை நிலவரத்தப் பத்தி நீலகிரியில யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா மூணு பேர் ஒரே நேரத்துல பேசினா எனக்கு மூணும் கேக்கும், ஒண்ணும் புரியாது. ஆறே மாசத்துல வீட்டுக்கு வந்தா வாயில பேச்சே வராதுங்கற நிலைமைக்கு வந்துட்டேன், பையன் "அம்மா"ன்னு கூப்பிட்டா தலைய மட்டும் ஆட்டுவேன், ஞாயித்துக்கிழமை பூரா போர்வைக்குள்ளயே கிடப்பேன், எங்க வீட்டுக்காரர் பாவம் பயந்தே போயிட்டார்.

முதல்ல பாத்த டாக்டர் டிப்ரஷன்னு மாத்திரை குடுத்தார், நாலு மாசம் போட்டேன், தூக்கம் நல்லா வந்துச்சு, கவுண்ட்டர் அப்படியேதான் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல நாத்தனார் பையன பேச்சு லேட்டாகுதுன்னு காட்டறதுக்கு நானும் கூடப் போனேன். ஃபார்ம் ஃபில்லப் பண்றதுன்னா சொந்தத்துல எல்லாருக்கும் என் ஞாபகம்தான் வரும். ஆட்டிசமான்னு பாக்கற அந்தக் கேள்விங்கள அவனுக்காகப் படிச்சு டிக் அடிச்சுட்டு வரும்போது, பாதிக்கு மேல, இது அவன் இல்லயே இது நானாச்சேன்னு பேனா நின்னு போச்சு. சத்தம், துணி, ஒரே மாதிரி வேணும்னு அடம், சொன்னதயே திருப்பிச் சொல்றது. அன்னிக்கு யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் ராத்திரி ராத்திரியா படிச்சேன்.

எனக்கும் ஆட்டிசமா இருக்குமோன்னு கேட்டதுக்கு இன்னொரு டாக்டர் சொன்னது இன்னும் மறக்கல. "கண்ணப் பாத்துப் பேசறீங்க, கல்யாணம் ஆகி புள்ள இருக்கு, வேலைக்கு வேற போறீங்க, உங்களுக்கு எப்படிம்மா ஆட்டிசம் இருக்கும்?" நான் அவர் கண்ணப் பாக்கவே இல்லங்க. அவர் மீசையப் பாத்துட்டு இருந்தேன். பொம்பளைங்கன்னா பொட்டப் பாப்பேன், ஆம்பளைங்கன்னா மீசை, இது ஏழாங்கிளாஸ்ல ஒரு டீச்சர் "நிமிந்து மூஞ்சப் பாத்து பதில் சொல்லு"ன்னு முட்டி போட வெச்சப்புறம் நானே கண்டுபிடிச்சது. இத்தன வருஷத்துல ஒருத்தரும் கண்டுபிடிக்கல. கடைசியில கோயமுத்தூர்ல பாத்த சைக்காலஜிஸ்ட் மேடம் பொட்டு வெக்காதவங்க, எங்க பாக்கறதுன்னு தெரியாம முதல் கால் மணி நேரம் நான் பட்ட பாடு இருக்கே.

டெஸ்ட்னதும் எங்க அம்மா ரத்தம் எடுப்பாங்களான்னு கேட்டாங்க. ரத்தமும் இல்ல ஸ்கேனும் இல்ல. பேச்சு, கவனிக்கறது, கேள்வி, அவ்வளவுதான். மூணு தடவை போனேன், மாச சம்பளத்துல பாதிக்கு மேல அதுக்கே போச்சு. அம்பது கேள்வி உள்ள ஒரு பேப்பர், 2001-ல கேம்பிரிட்ஜ்ல தயார் பண்ணது, 32 மார்க்கும் அதுக்கு மேலயும் வந்தா மேற்கொண்டு பாக்கலாம்ங்கறதுக்கு ஒரு அடையாளம், அது மட்டுமே முடிவு இல்ல. அதுல பார்ட்டிக்குப் போறதவிட லைப்ரரிக்குப் போறது புடிக்குமான்னு ஒரு கேள்வி. பார்ட்டின்னா எங்க ஊர்ல எது மேடம், காதுகுத்தா, நான் போகலன்னா சொந்தமே அத்துப்போகுமேன்னு கேட்டேன். அவங்க சிரிச்சிட்டு எழுதிக்கிட்டாங்க. இன்னொரு நாள் எழுத்தே இல்லாம படம் மட்டும் இருக்கற புக்கக் காட்டி கதை சொல்லச் சொன்னாங்க. நான் ஒவ்வொரு பக்கத்துலயும் என்னென்ன எத்தன இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், யாருக்கு கோவம் யாருக்கு சந்தோஷம்ங்கறதே என் கதையில வரல. அவங்க அப்புறம் எடுத்துச் சொன்னப்பதான் ஓஹோன்னு இருந்துச்சு.

ரொம்பக் கஷ்டம் அடுத்ததுதான். பெரியவங்களுக்கு ஆட்டிசம்னு சொல்லணும்னா சின்ன வயசுலயே அறிகுறி இருந்திருக்கணும், அதுக்கு சாட்சி வேணும். எனக்கு இருக்கற ஒரே சாட்சி எங்கம்மா. அம்மா சிலோன்ல பொறந்தவங்க, சின்னப் பொண்ணா கப்பல்ல வந்து, சிலோன்ல இருந்து திரும்பினவங்கள தங்க வெச்ச மண்டபம் கேம்ப்ல இருந்து அப்படியே மலைக்கு வந்த குடும்பம், டேன்டீயில (கவர்மெண்ட் தேயிலைத் தோட்டம்) கொழுந்து பறிச்சே ரிட்டையர் ஆனவங்க. காலைல என்னய பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு மலை ஏறினா சாயந்தரம் எடை போட்டுட்டுதான் எறங்குவாங்க. (பிள்ளைக்காம்பரான்னா கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம், சிலோன் பேச்சு, எங்க வீட்ல இன்னும் அப்படித்தான்.) அப்படிப்பட்ட ஒருத்தர்கிட்ட போய் உங்க பொண்ணு ஒன்றரை வயசுல விரல நீட்டிக் காட்டுனாளா, மத்த புள்ளைங்ககூட சேந்து விளையாடினாளான்னு கேட்டா என்ன சொல்வாங்க?

"தங்கமான புள்ளங்க. வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருக்கும். ஒரு தொந்தரவு கிடையாது." அவ்வளவுதான் அம்மாவோட சாட்சி. போச்சுடான்னு நினைச்சேன். பொம்பளப் புள்ள பேசாம இருந்தா நம்ம ஊர்ல அதுக்குப் பேரு அடக்கம், அதுக்கு யார் வைத்தியம் பாப்பா.

அந்த மேடம் விடல. கேள்விய மாத்தி, எதுக்காச்சும் அழுவாளான்னு கேட்டாங்க. அம்மா உடனே, "எல்லாப் புள்ளையும் குளிருக்கு அழுவும், இது ஸ்வெட்டர் போட்டா அழுவும்"னாங்க. ஜனவரியில புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும்போது நான் ஸ்வெட்டரக் கழட்டி எறிஞ்சிட்டு நீலமா நின்னுட்டு இருப்பேனாம். இன்னிக்கும் நான் உள்ள முழுக்கை காட்டன் போடாம கம்பளி போட முடியாதுங்க, மலையில பொறந்துட்டு இந்தக் கொடுமை. அப்புறம் பெருமையா ஒண்ணு சொன்னாங்க. சாயந்தரம் எடை போடற எடத்துல யார் யாருக்கு எத்தன கிலோன்னு எழுதறவர் சத்தமா படிப்பாராம், மூணரை வயசுல நான் வீட்டுக்கு வந்து எங்க லைன் வீடுங்கள்ல இருக்கற அத்தனை பொம்பளைங்க பேரையும் எடையையும் அதே ராகத்துல, அவர் இருமற இருமல் உட்பட, தூங்கற வரைக்கும் சொல்லிட்டே இருப்பேனாம். "அப்பவே கணக்குல கெட்டி"ன்னாங்க அம்மா. மேடம் பேனாவ எடுத்து நிறைய எழுதினாங்க.

வெளிய வந்தப்புறம் அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டாங்க, "ஏன் பாப்பா, நான் உன்னய காம்பராவுல விட்டுட்டுப் போனதாலயா இப்படி ஆச்சு?"

இதுக்கு மட்டும் எனக்கு அப்பவே பதில் வந்துச்சு, ஏன்னா ராத்திரி ராத்திரியா படிச்சு வெச்சிருந்தேனே. ஒரு காலத்துல பெரிய பெரிய வெள்ளக்கார டாக்டருங்களே அப்படித்தாம்மா சொன்னாங்க, அம்மாக்காரி பாசம் காட்டாம ஐஸ் மாதிரி இருந்தா புள்ளைக்கு இப்படி வரும்னு, எத்தனையோ தாய்ங்கள அழ வெச்சாங்க. 1964-ல பெர்னார்ட் ரிம்லாண்ட்னு ஒருத்தர், அவர் பையனுக்கே ஆட்டிசம், அது தப்புன்னு ஒரு புத்தகமே போட்டார். 1977-ல இரட்டைப் புள்ளைங்கள வெச்சு செஞ்ச ஆராய்ச்சியில இது பரம்பரையில வர்றதுங்கறதுக்கு நல்ல ஆதாரமே கிடைச்சுது. இதயெல்லாம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல நின்னு அம்மாவுக்கு சொன்னேன். அம்மா முழுசாக் கேட்டுட்டு "அப்ப உங்கப்பா வழிதான்"ன்னாங்க. நிம்மதி அவங்களுக்கு. (அப்பா இருந்திருந்தா டெஸ்ட் எடுக்காமயே சொல்லியிருக்கலாம், அது தனிக் கதை.)

ரிப்போர்ட் வந்துச்சு. ஆட்டிசம் இருக்கு. 2013-ல அமெரிக்க மனநல டாக்டருங்க சங்கம் போட்ட டிஎஸ்எம் 5-ங்கற கையேட்டு அளவுகோல்லயே தெளிவா இருக்கு, சின்ன வயசுல அறிகுறி இருந்தாலும், தாங்கற அளவுக்கு மேல ஜனங்களோட பழக வேண்டியது வரும்போதுதான் அது முழுசா வெளிய தெரியலாம், பழகி வெச்ச தந்திரங்களால மறைஞ்சும் இருக்கலாம்னு. என் கவுண்ட்டரும் பொட்டும் மீசையும் அந்த ஒரு வரிக்குள்ள இருந்துச்சு.

கூடவே இன்னொரு பேப்பர். நம்ம நாட்டுல மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்கு ஆட்டிசத்த அளக்கறது ஐஎஸ்ஏஏன்னு ஒரு ஸ்கேல்ல. 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 5 வரை மார்க். 70-க்குக் கீழன்னா ஆட்டிசம் இல்ல, 70-ல இருந்து 106 வரை லேசு, 153 வரை நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். மேடம் ஒரு தெளிவுக்காக அதையும் போட்டுப் பாத்திருக்காங்க. எனக்கு 66.

இங்கதான் என் கருத்து. அந்த ஸ்கேல நான் குறை சொல்ல வரல. 1995 சட்டத்துல இருந்த ஏழு வகை ஊனத்துல ஆட்டிசமே கிடையாது, 2016 சட்டத்துல 21 வகை ஆனப்பதான் அதுல சேந்துச்சு, எத்தனையோ தாய் தகப்பன் போராடி வாங்கினது. பேசவே முடியாத, நாள் பூரா ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டிய புள்ளைங்களுக்கு அந்த சர்டிபிகேட் உயிர் மாதிரி, அதுல எனக்குப் பங்கு வேண்டாம். ஆனா அந்த ஸ்கேல் அளக்கறது என்னன்னு பாருங்க. கண்ணப் பாக்கறது குறைவா, தனியா ஒதுங்கி இருக்காங்களா, ஒரே மாதிரி இருக்கணும்னு அடம் புடிக்கறாங்களா, நேரத்துல எத்தன சதவீதம் அப்படி இருக்காங்க. எல்லாமே எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு எவ்வளவு தெரியுதுங்கறதுதான். அப்படித் தெரியாம சமாளிக்க எனக்கு எவ்வளவு செலவாகுதுன்னு எழுத ஒரு கட்டம் கூட அதுல இல்ல. நான் கணக்கு எழுதறவ, வரவு மட்டும் எழுதி செலவு எழுதாத புக்க நான் கணக்குன்னு ஒத்துக்க மாட்டேன்.

அதனால சர்டிபிகேட் கிடைக்காதுல்ல, அப்புறம் எதுக்கு டெஸ்ட்னு கேக்கறவங்களுக்கு, ரெண்டும் வேற வேற. 41 வருஷமா நான் திமிர் புடிச்சவ, யார் வீட்டு விசேஷத்துக்கும் போனா மூலையில உக்காந்துக்கறவ, மூஞ்சி குடுத்துப் பேசாதவ. இத மத்தவங்க சொன்னதவிட நானே எனக்கு சொல்லிக்கிட்டதுதான் அதிகம். மே மாசம் ஊட்டி சீசன்ல மேல ஏறற வண்டி குன்னூர் வழி, எறங்கற வண்டியெல்லாம் எங்க ஊர் வழின்னு ஆக்கிடுவாங்கல்ல, அந்த ஹாரன் சத்தத்துல நடுரோட்ல காதப் பொத்திட்டு நின்னதுக்கு நான் என்னயே எத்தன தடவை திட்டியிருக்கேன். மூடுபனி எறங்கினா மட்டும் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம்னு இப்பதான் புரியுது, எதிர்ல வர்றவங்க யாருன்னு தெரியாது, அம்பதடி முன்னாடியே சிரிக்கணுமா வேண்டாமா எப்ப ஆரம்பிக்கணும்னு கணக்குப் போட வேண்டியதில்ல.

முதலாளிகிட்ட ரிப்போர்ட்டக் காட்டல, பின்பக்க ரூம் வேணும், சம்பளம் பழசே போதும்னு மட்டும் சொன்னேன். குடுத்துட்டார்.

அன்னிக்கு ரிப்போர்ட் வாங்கிட்டு வரும்போது மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் அம்மா எலுமிச்சம்பழத்த மோந்துட்டே படிச்சுக் காட்டச் சொன்னாங்க. ஒவ்வொரு பக்கமா தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். கடைசியில 66, பாஸ் மார்க் 70-னு சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் சீரியஸா கேட்டாங்க, "நாலு மார்க்குதானே பாப்பா, மறுகூட்டலுக்கு போட முடியாதா?"