தேய்ப்பதற்கு முன்னால் படம் எடுங்கள்

கைவிடப்பட்ட பழைய கல்லறைத் தோட்டங்களைச் சுத்தம் செய்யக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயர் பிரஷ், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, முதலில் கேமராவோடு மட்டும் போங்கள். கவனிப்பாரற்று அழிந்த கல்வெட்டுகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆர்வத்தில் தேய்த்தே அழிக்கப்பட்டவற்றைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

தேய்ந்த எழுத்தின் பள்ளம் பல கற்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெயில் நேராக முகத்தில் அடித்தால் அதில் நிழல் விழாது. படத்தில் வெறும் சொரசொரப்புதான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில், கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும். கிழக்கு பார்த்து நிற்கும் கல்லுக்கு விடிகாலை வேண்டாம். உச்சியை நெருங்கும் வெயில் மேலிருந்து வழுக்கி இறங்கும் கொஞ்ச நேரம்தான் சரி. நிழலில் நிற்கும் கல்லென்றால், ஒருவர் வெயிலில் நின்று பெரிய கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து திருப்பிவிடலாம். பொழுது மங்கியபின் ட்ரைபாடும் டார்ச்சும் போதும்.

பலரும் கவனிக்காத ஒன்று: வெளிச்சம் ஓடும் திசையிலேயே ஓடுகிற கோடுகள் மறைந்துவிடும். இடப்பக்கமிருந்து மட்டும் அடித்தால் படுக்கைக் கோடுகள் போய்விடும்; 7 பார்ப்பதற்கு 1 ஆகிவிடும், இறந்த ஆண்டே மாறிவிடும். கேமராவை அசைக்காமல் டார்ச்சை மட்டும் நகர்த்தி, நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். கல்லின் பின்புறம், அடிப்பகுதி (கல்தச்சர் பெயர் சில சமயம் அங்கேதான் இருக்கும்), அக்கம்பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்து ஒரு தூரப் படம், இவையும் வேண்டும். ஃபோன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் வரிசை எண்ணோடு கையால் ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ ஷேவிங் ஃபோமோ பூசாதீர்கள். ஃபோமின் கொழுப்பு அமிலம் நுண்துளைகளில் தங்கிவிடும். மாவு பூஞ்சைக்குத் தீனி.

இனி சுத்தம் செய்வது. விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தாலோ, தொட்டதும் மணலாக உதிர்ந்தாலோ அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். உறுதியான கல்லுக்கு வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குநீர் காய்ந்த கல்லில் வடிந்து கோடு விழும். பிளீச்சிங் விட்டுச் செல்லும் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி, பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். அமிலம் பளிங்கையும் சுண்ணக்கல்லையும் கரைத்தே விடும். பிரஷர் வாஷர் பேச்சே வேண்டாம்.

உடைந்ததைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவதும் இப்படித்தான். சிமெண்ட் பழைய கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. கடைசியில் இணைப்பு நிற்கும், பக்கத்துக் கல் நொறுங்கும். சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை துண்டுகளை விழுந்த இடத்திலேயே படம் எடுத்து, எண் போட்டு வையுங்கள். சாய்ந்து நிற்கும் கல்லை ஆளைச் சேர்த்துத் தள்ளி நிமிர்த்தாதீர்கள். பிடி தவறினால் ஆளையே நசுக்கிவிடும் கனம் அது.

கல்வெட்டைப் பிழையோடு உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்யுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு அடைப்புக்குறிக்குள் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போயிருக்கும். மூலக்கோப்புகளை மூன்று பிரதியாக வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருப்பவரிடம் கொடுத்துவையுங்கள்.