டேங்க் நீலம், மட்கார்டு கத்தரிக்காய்

பைக்கின் முன் மட்கார்டு விரிசல் விட்டுவிட்டது. புதிதாக வாங்கப் போனால் என் வண்டி நிறத்தில் இல்லையாம், கருப்புதான் இருக்கிறதாம். சரி, பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று சிம்மக்கல் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். ‘நாளைக்கு வாங்கண்ணே’ என்று சொல்லியே பத்து நாளை ஓட்டினார்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் டேங்கும் மட்கார்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. காசைக் கொடுத்துவிட்டு ஏ.வி. பாலத்தில் ஏறி வெயில் பட்டதும் பார்க்கிறேன், மட்கார்டு கத்தரிக்காய்! மெட்டாலிக் பெயிண்டில் அலுமினியத் துகள் படியும் விதம் மாறினாலே நிறம் வேறாகத் தெரியும். அதோடு 6 வருஷமாக மதுரை வெயிலில் வெளுத்த டேங்குக்கு, கலர் நம்பரைப் பார்த்து அப்படியே கலந்தால் எப்படிச் சேரும்? ஒரு துண்டுத் தகட்டில் அடித்து வாசலில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கேட்டால், ‘ஓடுற வண்டியில யாருண்ணே பார்க்கப் போறா?’

கோரிப்பாளையத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

நேற்று போல்ட் பக்கம் நகம் பட்டு ஒரு செதில் உரிந்தது. அடியில் பிளாஸ்டிக் கருகருவென்று பளபளக்கிறது. பெயிண்ட் பிடிக்க அடியில் அடிக்கும் பிரைமரை விடுங்கள், உப்புத்தாள் கூடப் போடவில்லை.