வழிகாட்டியின் பெயர் தெரியாமல் காசு கட்டாதீர்கள்

கண்டி டவுனை நடந்தே பார்க்கும் சுற்றுலாவுக்கு இப்போது நம் ஆட்களும் புக் பண்ணுகிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள், ஹட்டன், பண்டாரவளைப் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்கள், கொழும்பில் வேலை செய்யும் இளசுகள் என்று பலர். எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு?" அடுத்தது "எத்தனை மணிக்கு?" யார் கூட்டிக்கொண்டு போகிறார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்விக்குப் பெயரோடு பதில் வரும்வரை ஒரு சதம்கூடக் கட்டக் கூடாது என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

காரணம் எளிது. கண்டி வாவியைச் சுற்றி நடக்க யாரும் காசு கேட்பதில்லை. இலங்கையர்களுக்குத் தலதா மாளிகைக்குள் போக டிக்கட்டும் இல்லை. அப்படியென்றால் மூன்று மணி நேர நடைக்கு நீங்கள் கட்டுகிற காசு முழுக்க ஒரு மனிதரின் படிப்புக்கும் குரலுக்கும்தான். அந்த மனிதர் யாரென்று சொல்லாமல் "நிபுணர் தலைமையில்" என்று மட்டும் விளம்பரத்தில் எழுதியிருந்தால், நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று அனுமதிப்பத்திரம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்குப் பல தரங்களில் அதைக் கொடுக்கிறது. நாடு முழுக்கப் போகக்கூடிய தேசிய வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கு மட்டுமான வழிகாட்டி, ஓர் இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி, வாகனமும் ஓட்டி வழியும் காட்டும் சாரதி வழிகாட்டி. படத்தோடு அட்டை இருக்கும், காலாவதித் திகதியும் இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மற்றது, இந்த நகரத்தைப் பற்றிய அறிவு. பத்து நாளில் தீவைச் சுற்றிக் காட்டுவதில் கைதேர்ந்த ஒருவருக்கு, ஒரே டவுனில் ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் மூன்று மணி நேரம் சொல்ல விஷயம் இருக்கும் என்பது நிச்சயமில்லை. அது வேறு படிப்பு. ஆகவே அட்டையையும் கேளுங்கள், "எதைப் படித்தவர், எந்த நடையை வழக்கமாகச் செய்கிறார்" என்றும் கேளுங்கள்.

விஷயம் தெரிந்தவர் என்ன செய்வார் என்பதற்கு மகுல் மடுவையை எடுத்துக்கொள்ளலாம். கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியர் கைக்கு மாற்றிய கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2ஆம் திகதி நடந்த மண்டபம், தலதா மாளிகைப் பக்கம். தெரியாதவர் அந்தத் திகதியைச் சொல்லி, ஒரு செல்பிக்கு நேரம் கொடுத்து நகர்ந்துவிடுவார். தெரிந்தவர் உங்களை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். 1783இல் இராஜாதி இராஜசிங்கன் தொடங்கிய வேலை இது, பிற்பாடு பிரித்தானியர் மண்டபத்தை நீட்டினார்கள், அதனால் நிற்கிற எல்லாத் தூண்களுக்கும் ஒரே வயதில்லை என்று சொல்லி, செதுக்கலைக் கிட்டே போய்ப் பார்க்க வைப்பார். மரத்தில் எந்த விளிம்பு தேய்ந்திருக்கிறது, எந்தப் பூ ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அடுத்தடுத்த இரண்டு தூண்களை ஒப்பிட்டுக் காட்டுவார். அங்கேயே பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் காசு.

வாவிக்கரை மதிலும் அப்படித்தான். சிங்களத்தில் வலாகுலு பம்ம, மேக மதில் என்பார்கள். அதில் வரிசையாக இருக்கும் முக்கோணக் குழிகள் விளக்கேற்றுவதற்கு. வாவியை 1807இல் வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்து மதில் அது. முழுவதும் கட்டி முடிவதற்குள் இராச்சியம் விழுந்துவிட்டது. எந்த இடத்தில் வேலை நின்றுபோனது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர் உங்களுக்கு வேண்டும்.

வழிகாட்டியைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும். புக் பண்ணுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "மலபார் வீதியைப் பற்றிச் சொல்வீர்களா?" 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட கடைசி நான்கு அரசர்களும் மதுரை நாயக்கர் வழி வந்தவர்கள். கடைசி அரசனின் இயற்பெயர் கண்ணசாமி. அவர்களோடு வந்த உறவுக்காரர்கள் குடியிருந்த தெரு அது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றே எழுதினார்கள். 1815 பெப்ரவரியில் பிடிபட்ட அரசனை அடுத்த வருடம் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். இந்தச் சரடு தெரிந்தவர் உங்கள் கேள்விக்கு நாலு வரி அதிகமாகவே பதில் எழுதுவார். "அது புரோகிராமில் இல்லை சேர்" என்று வந்தால், அவர் கையில் இருப்பது மனப்பாடம் செய்த ஒரு தாள்.

இதில் எனக்கு ஆதங்கமே உண்டு. நாத தேவாலயத்தின் முன்னால் ஒரு தமிழ்ப் பிள்ளையை நிறுத்தினால், அதன் கல் வேலையும் மேல்கட்டும் ஊர்க் கோயிலை நினைவூட்டும். கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அது, 14ஆம் நூற்றாண்டுக்குரியது. பக்கத்திலேயே பத்தினி தேவாலயம், நம் கண்ணகி. இவ்வளவையும் ஆங்கிலத்தில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "மாளிகை பார்த்தோம், வாவி பார்த்தோம்" என்று பிள்ளைகள் ஹட்டன் பஸ் ஏறுகிறார்கள். தமிழில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். "கேட்கிறவர்கள் இல்லை" என்பதுதான் ஏற்பாட்டாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். கேட்டது எழுத்தில் பதிவானால்தான் அது மாறும். இடையில் ஒருவரை வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொன்னால், மூன்று மணி நேர நடையில் ஒன்றரை மணி நேர விஷயம்தான் மிஞ்சும்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. "சிறு குழு" என்ற சொல்லுக்கு இலக்கம் இல்லாவிட்டால் அர்த்தமும் இல்லை. சிலர் 8 பேரைச் சிறு குழு என்கிறார்கள், சிலர் 25 பேரை. கண்டியில் என் கணக்கு 8, மிஞ்சினால் 10. டி.எஸ். சேனாநாயக்க வீதி நடைபாதையில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடப்பதே சிரமம். பத்துப் பேருக்கு மேல் வரிசையாகப் போனால் முன்னால் சொல்வது கடைசி ஆளுக்கு எட்டாது, பஸ் ஹோர்ன் சத்தம் வேறு. வீதியைக் கடக்கும்போது பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். மாளிகையில் பாதுகாப்புச் சோதனை, செருப்பு வைக்கும் இடம் என்று ஒவ்வொருவராகத்தான் போக முடியும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே 20 பேருக்கு 20 நிமிடம், திரும்பி வந்து செருப்பு எடுக்க இன்னும் பத்து. அந்த அரை மணியும் உங்கள் காசுதான். காதில் மாட்டும் ஒலிக்கருவி கொடுக்கிறோம் என்பார்கள். அது குரலைக் கொண்டுவந்து சேர்க்கும், கேள்வி கேட்கும் வசதியைத் தராது.

இன்னொன்றும் நடக்கும். 8 பேர் என்று புக் பண்ணியிருப்பீர்கள். அன்று காலை வேறொரு குழுவில் 7 பேர்தான் சேர்ந்தார்கள் என்று இரண்டையும் ஒன்றாக்கி 15 பேராகக் கிளம்புவார்கள். "அதிகபட்சம் இத்தனை பேர், குழுக்களைச் சேர்க்க மாட்டோம்" என்று உறுதிப்படுத்தும் செய்தியிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மீறினால் பாதிக் காசைத் திருப்பிக் கேட்க அந்த வரி வேண்டும்.

விலை எப்படி வருகிறது என்று தெரிந்தால் பேரம் பேசாமலே நல்ல ஏற்பாடு கிடைக்கும். வழிகாட்டியின் கூலி பெரும்பாலும் அரை நாளுக்கு இவ்வளவு என்று இருக்கும், தலைக் கணக்கு அதன் பிறகுதான். உதாரணத்துக்கு 16,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 8 பேர் வந்தால் தலைக்கு 2,000, 4 பேர் வந்தால் 4,000. வெளிநாட்டு முன்பதிவுத் தளங்கள் வழியாக வந்தால் நூற்றுக்கு 20 முதல் 30 வரை தரகு போகும். அந்த 2,000 ரூபா கைக்கு வர ஏற்பாட்டாளர் 2,700 அளவில் விலை போட்டாக வேண்டும். ஆகவே நீங்களே 6 பேர், 8 பேர் குடும்பமாக வருகிறீர்கள் என்றால், பலரோடு சேரும் நடைக்குத் தனித்தனி இடம் வாங்காமல் உங்களுக்கு மட்டுமான நடையாக நேரே கேளுங்கள். பெரும்பாலும் அதே காசில் முடியும், தமிழும் கிடைக்கும், பாட்டிக்கு ஏற்ற வேகத்தில் நடக்கலாம். தனியாக வருபவருக்கும் இருவராக வருபவர்களுக்கும் தளம் வழியாகப் போவதே மலிவு, காசு திரும்பப் பெறும் விதியும் அங்கே தெளிவாக இருக்கும்.

நுழைவு டிக்கட் சேர்த்தா, தனியா என்று கேட்க மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மாளிகையில் டிக்கட் உண்டு. இலங்கைக் குடியுரிமையும் இருந்தால் அதற்கான அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள், வாசலில் முகத்தைப் பார்த்து விடமாட்டார்கள்.

நேரம். பாடசாலை தொடங்கும் காலை ஏழரையை ஒட்டியும், விடும் ஒன்றரையை ஒட்டியும் கண்டி டவுன் அசையாது. ஆகவே எட்டரைக்குத் தொடங்கி பன்னிரண்டுக்குள் முடியும் நடை நல்லது. பிற்பகல் நடையை மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் தவிர்த்துவிடுங்கள், இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை கொட்டும் காலம். மாளிகையில் தேவாவ பூசை காலை 5.30, 9.30, மாலை 6.30 மணிகளை ஒட்டி நடக்கும். மேள ஒலியில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, மேல்மாடி வரிசை நீளும். பூசையைப் பார்ப்பதற்காகவே அந்த நேரத்தில் உள்ளே கூட்டிப்போகிறவரும் உண்டு, அது நல்ல திட்டம். தற்செயலாகப் போய் மாட்டிக்கொள்வதுதான் கெட்டது. நிகழ்ச்சி நிரலில் மாளிகை எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். போயா நாளில் கூட்டம் பல மடங்கு. எசல பெரஹர நாட்களில் வீதிகள் மூடப்படும், அந்த நாட்களில் இந்த நடையே வேண்டாம்.

சந்திக்கும் இடத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். "மாளிகைக்கு முன்னால்" என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். வாசல் ஒன்றல்ல, த்ரீவீலரும் வாசல்வரை போகாது. ஒரு கட்டடத்தின் பெயர், அதன் எந்தப் பக்கம், கூகுள் மேப் புள்ளி, வழிகாட்டியின் கைபேசி இலக்கம், இவ்வளவும் முதல் நாள் மாலைக்குள் வந்துசேர வேண்டும். அலுவலக இலக்கம் போதாது, காலை எட்டு மணிக்கு அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள்.

கடை நிறுத்தம் பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள். மாணிக்கக் கடை, பத்திக் துணிக் கடை, வாசனைத் திரவியக் கடை என்று நாற்பது நிமிடம் போகும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் மிச்சம் அந்தக் கடையின் தரகில் வருகிறது. அந்த நாற்பது நிமிடத்தில் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் பிரித்தானியர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிடலாம். 1817இல் தொடங்கியது. கண்டி ஒப்பந்தத்துக்கு வழி அமைத்த ஜோன் டொய்லி அங்கேதான் அடக்கம். கல்வெட்டுகளில் வயதைப் படித்துக்கொண்டே போனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் செத்தவர்கள்தான் அதிகம். காலனி ஆட்சி என்ற பெரிய பேச்சை ஒரு பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல இடம் டவுனில் இல்லை.

நுவரெலியா நடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1894ஆம் ஆண்டுச் சிவப்புச் செங்கல் தபால் நிலையம், 1876இல் தொடங்கிய ஹில் கிளப், கொல்ஃப் மைதானம் என்று துரைமாரின் ஊராக மட்டும் காட்டி முடிக்கிறார்கள். அந்த ஊருக்குப் பாதை போடக் கல் உடைத்தவர்கள், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், வழியிலேயே செத்தவர்கள் யாரும் அந்தக் கதையில் இல்லை. கண்டிக்கு ரயில் வந்ததும், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும் ஒரே 1867இல். ரயில் வந்தது கோப்பிக்காக. அந்தக் கோப்பிக்கு உழைத்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். இதைச் சொல்லாத நடைக்கு என் காசைத் தர எனக்கு மனமில்லை.

நடையோடு தோட்டமும் சேர்த்து விற்கிறார்கள் என்றால் ஒரு நிபந்தனை வையுங்கள்: தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழையக் கூடாது. கொழுந்து எடுக்கும் பெண்களை நிறுத்திப் படம் பிடித்துவிட்டு நூறு ரூபா கொடுப்பது அவர்களுக்கு நட்டம். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைய பெயர், அதாவது நாட்சம்பளம், பாதிப் பெயராகிவிடும்.

வயதானவர்கள் இருந்தால் மொத்தத் தூரம், படிகள், கழிவறை எங்கே, எத்தனை இடத்தில் உட்காரலாம் என்று கேளுங்கள். வாவியை முழுதும் சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல், அதை விட்டுவிட்டால் பெரும்பாலோருக்குச் சமாளிக்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை, கழற்றிப் போட இலகுவான செருப்பு, சுடுதரைக்கு ஒரு சோடிக் காலுறை.

காசு திரும்பப் பெறும் விதியில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். நீங்கள் நிறுத்தினால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் எப்போது அறிவிப்பார்கள், வழிகாட்டி மாறினால் நீங்கள் விலகலாமா. கடைசி வரி பெரும்பாலும் இருக்காது. நீங்களே கேட்டுச் சேர்க்க வேண்டியது அது.

அனுப்ப வேண்டிய செய்தியை இங்கேயே எழுதிவிடுகிறேன், எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்:

"வணக்கம். வருகிற சனிக்கிழமை காலை 8.30 கண்டி நடைக்கு நாங்கள் 6 பேர், அதில் 60 வயதுக்கு மேல் ஒருவர். தமிழில் வேண்டும். யார் கூட்டிப்போகிறார், அவருடைய அனுமதிப்பத்திரம் எந்தத் தரம்? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், வேறு குழு சேருமா? மலபார் வீதியும் நாத தேவாலயமும் உண்டா? கடை நிறுத்தம் வேண்டாம். வழிகாட்டி மாறினால் முழுக் காசும் திரும்பத் தருவீர்களா? பதில் கிடைத்ததும் முற்பணம் போடுகிறேன்."