பெட்டியடிப் பையனும் மதுரை பஸ்ஸும்

"உங்க ஐயா கப்பலேறி பர்மா போனாக, நீ மதுரைக்கு பஸ்ஸேற பயப்படுறியே ஆத்தா"ன்னு எங்க பெரியப்பா ஒரு கல்யாண வீட்ல, பந்தியில எல்லாரு முன்னாடியும் கேட்டாக. பாசத்துலதான் கேட்டாக, அவுக மேல கோபமில்ல. ஆனா அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் நான் எந்த விசேஷத்துக்கும் போகல.

நடந்தத சொல்றேன். எனக்கு அப்ப 34 வயசு. காரைக்குடியில ஏறி மதுரைக்குப் போய்ட்டிருக்கேன், திருப்பத்தூர் தாண்டி மேலூர் வர்றதுக்குள்ள திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, விரலெல்லாம் மரத்துப்போச்சு, மூச்சு பாதியிலயே நிக்குது, செத்துருவேன்னே நினைச்சு கண்டக்டர்கிட்ட கெஞ்சி நடுரோட்டுல எறங்கிட்டேன். ஒரு புளியமரத்தடியில உக்காந்ததும் கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சு. அங்கதான் வெனையே ஆரம்பிச்சுச்சு. எறங்குனதாலதான் பொழைச்சோம்னு மனசுல பதிஞ்சு போச்சு.

இசிஜி எடுத்தோம், தைராய்டு பாத்தோம், எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லம்மா, சும்மா பயம்தான்"னு அனுப்பிட்டாங்க. ஒண்ணுமில்லாததுக்கா நான் ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடந்தேன்? மொதல்ல மதுரை பஸ்ஸ நிறுத்துனேன், அப்பறம் திருப்பத்தூர் போறத, அப்பறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போறதையே நிறுத்துனேன். மதுரையில ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேல கெடைச்சுச்சு, பிள்ளைக சின்னதுன்னு பொய் சொல்லி விட்டுட்டேன். தங்கச்சி வளைகாப்புக்குக் கூட போகல. அஞ்சு வருஷம் வளவுக்குள்ளயே, அதான் வீட்டுக்குள்ளயே.

இதுல நான் முக்கியமா சொல்ல வந்தது என்னன்னா, வீட்ல யாரும் என்னைத் திட்டல. "அவளுக்கு முடியாது, விடுங்க, நாம போய்ட்டு வருவோம்"னு அத்தை சொல்வாக. ஆத்தா குன்றக்குடியில மந்திரிச்சு கயிறு கட்டி விட்டாக. அந்தக் கயிறு இன்னும் கையில இருக்கு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா "நீ வரவேணாம்"னு அன்பா சொல்ற ஒவ்வொரு தடவையும் பயத்துக்கு ஒரு வாய் சோறு ஊட்டுற மாதிரிதான். தவிர்க்கத் தவிர்க்க அது வளரும். எனக்கு வளர்ந்துச்சு.

கடைசியில ஒரு கவுன்சிலர்கிட்ட போனேன். அவங்கதான் இதுக்கு பானிக் அட்டாக்னு பேரு சொல்லி, உடம்புல அட்ரினலின்ங்கிற ஹார்மோன் ஏறுறதால வர்ற படபடப்பு இது, பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய்ட்டு தானா எறங்கிரும், நீங்க அது எறங்குறத பாக்குறதுக்கு முன்னாடியே பஸ்ஸ விட்டு எறங்கிடுறீங்கன்னாங்க. ஒரு கதையும் சொன்னாங்க. 1924ல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மா, முயலக் கண்டா அலறுற பீட்டர்ங்கிற சின்னப் பையனுக்குப் பிடிச்ச தின்பண்டத்தக் குடுத்துக்கிட்டே, முயலைத் தூரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்களாம். கடைசியில அந்தப் பையன் முயலைத் தடவிக் குடுத்தானாம். நூறு வருஷம் முந்தியே கண்டுபிடிச்ச விஷயம், எனக்கு 39 வயசுலதான் தெரியுது. அழுதுட்டேன்.

அப்பறம் எனக்கும் அப்படித்தான். மொத வாரம் பஸ் ஸ்டாண்டுல சும்மா நிக்கணும், ஏறக்கூடாது. அடுத்து கோவிலூர் வரைக்கும். பயம் நூத்துக்கு எவ்வளவுன்னு நோட்டுல எழுதணும், மொத நாள் 85, நாலாவது தடவ 40. உச்சத்துல இருக்கும்போது எறங்கக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன். ஒரு மழை நாள்ல அதையும் மீறி குன்றக்குடியில எறங்கி மலையடிவாரத்துல நின்னு தேம்பித் தேம்பி அழுதேன், எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். "நாளைக்கே அதே பஸ்ல ஏறுங்க"ன்னாங்க கவுன்சிலர். ஏறுனேன். பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், எட்டாவது மாசம் மதுரை.

பெரியப்பா சொன்னத இப்ப வேற மாதிரி யோசிக்கிறேன். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித்தொழிலுக்குப் போன நம்ம செட்டிநாட்டு ஆளுகள யாரும் ஒரே நாள்ல மொதலாளி ஆக்கல. சின்ன வயசுலயே பெட்டியடிப் பையனா, அதான் கடையில தொழில் பழகுற எடுபிடிப் பையனா சேர்ந்து, கணக்கு பழகி, ஏஜெண்டுக்கு அடுத்தபடியா நிக்கிற அடுத்தாளாகி, அப்பறம்தான் கடைய நடத்துற ஏஜெண்டு. எறங்குற ஊர்லயும் நம்ம ஆளுக விடுதி இருந்துச்சு. அவுகளுக்கும் கப்பல்ல வயித்தக் கலக்கியிருக்கும், ஆனா படிப்படியா பழகுறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. எனக்குப் பந்தியில ஒரு கேள்விதான் கெடைச்சுச்சு. உங்க வீட்ல யாராச்சும் இப்படி இருந்தா தயவு செஞ்சு பர்மா கதை சொல்லி வெக்கப்பட வைக்காதீங்க, "நீ வீட்லயே இரு"ன்னும் சொல்லாதீங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்து போங்க, போதும்.

சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும், அதுல வெக்கம் வேணாம், பலன் தெரிய சில வாரம் ஆகும், டாக்டரைக் கேக்காம நடுவுல நிறுத்தாதீங்க. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலன்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம்.

அடுத்த வாரம் பல்லவன் ரயில்ல சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கேன், தங்கச்சி பிள்ளையப் பாக்க. இப்ப நினைச்சாலே உள்ளங்கை வேர்க்குது, நோட்டுல 70னு எழுதியிருக்கேன். கூட வரவான்னு ஆத்தா கேட்டாக. ஸ்டேஷன் வரைக்கும் வாங்கன்னு சொல்லியிருக்கேன்.