மூச்சு வாங்கிய வரலாறு

(செஞ்சி, ராஜகிரி மலை. காலை 10 மணி வெயில். சித்தப்பா கையில் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காய். பின்னால் அண்ணன் மகன்.)

சித்தப்பா: நில்லுடா. இந்தப் படிக்கு ஒரு கதை இருக்கிறது.

மகன்: பத்துப் படிக்கு முன்னாலும் இருந்ததே. படி செங்குத்தாக ஆக, கதையும் நீளமாகிக்கொண்டே போகிறது.

சித்தப்பா: தேசிங்கு ராஜா ஆண்ட மலையடா, ஓட்டமாகவா ஏறுவது? அவர் குதிரை பாராசாரியை அடக்க முடியாமல்தான் அவர் அப்பா டில்லி பாதுஷாவிடம் சிறைப்பட்டார், அப்புறம் இந்தப் பொடியன் போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்து காட்டி அப்பாவை மீட்டு வந்தான். அந்தக் குதிரை இங்கிருந்து ஒரே தாவு, எதிர்மலை கிருஷ்ணகிரியில் போய் நின்றது!

மகன்: நடுவில் திருவண்ணாமலை ரோடு போகிறது. பஸ்ஸுக்கு மேலேயேவா?

சித்தப்பா: 1714-ல் ஏதுடா பஸ்?

மகன்: 1714-ல்தான் ஆற்காட்டு நவாபோடு மோதி, 22 வயதில் செத்தார். தாவுகிற குதிரை தப்பித்துத் தாவியிருக்கலாமே?

சித்தப்பா: தப்பிக்கிறதுக்குத் தனியாக ஒரு சுரங்கம் உண்டு.

மகன்: வந்துவிட்டதா! எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஒரு சுரங்கம், அதில் பாதிவரை போய்த் திரும்பிய ஒரு ஆள், அந்த ஆளைத்தான் ஒருத்தரும் பார்த்ததில்லை.

சித்தப்பா: சிவாஜி மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப் படை 1690-லிருந்து 1698 வரை மலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கோட்டை விழும்போது ஆள் இல்லை, வேலூர் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்த வழி?

மகன்: முற்றுகை போட்ட தளபதியே கண்டும் காணாமல் விட்டார் என்கிறார்கள்.

சித்தப்பா: சுரங்கத்துக்குள்ளே போகிறவரை எப்படியடா காண்பது?

(மகன் யோசிக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வெள்ளரிக்காயை வாங்கிக்கொண்டு போகிறது. கேட்டு வாங்கவில்லை.)

சித்தப்பா: போகட்டும், மிளகாய்ப்பொடி தூக்கல்தான்.

மகன்: நடங்கள். 2025-ல் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான்.

சித்தப்பா: அவர்கள் உச்சிவரை ஏறினார்களா, விசாரித்தாயா?

(உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கீழே ஆழம். மேலே ஒரு சின்னப் பாலம். சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, மகனின் சட்டைப் பின்புறத்தைக் கொத்தாகப் பிடிக்கிறார்.)

மகன்: சித்தப்பா, இந்தப் பாலத்துக்கும் ஒரு கதை இருக்குமே?

சித்தப்பா: கதையெல்லாம் அப்புறம். வாயை மூடிக்கொண்டு மெதுவாக நட.